வேலை ஓய்ந்தது, கம்பெனிப் பங்கு கையில் இருக்கிறது: அதை எங்கே வைத்தால் செலவு குறையும்?

கெடாவின் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. அங்கே அன்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் இப்போது ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டார்கள். லூனாஸ், பாடாங் செராய், பீடோங், கோல கெட்டில் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இவர்களில் உண்டு. பெற்றோர் விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனார்கள். பிள்ளைகள் தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட்டுக்கொண்டு சில்லு தயாரிக்கும் அறைக்குள் போனார்கள்.

அப்பாவுக்கு வேலை முடிந்தபோது கையில் வந்தது இபிஎஃப் பணம். பிள்ளைக்கு அதோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. அதுதான் வேலை செய்த கம்பெனியின் பங்கு. இன்டெல் மாதிரியான நிறுவனங்கள் ஊழியர்களுக்குப் பங்கு தருகின்றன, தள்ளுபடி விலையில் வாங்கவும் விடுகின்றன. தெனாகா, மேபேங்க் போன்ற உள்நாட்டு நிறுவனங்களிலும் ஊழியர் பங்குத் திட்டங்கள் இருந்திருக்கின்றன.

ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பங்கை எங்கே வைப்பது? சுங்கை பட்டாணி கோப்பிக்கடையில் இதைக் கேட்டால், "எந்த ஆப்ல கட்டணம் கம்மியோ அதுல போடுங்க" என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதியில்தான் பெரிய பணம் போகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பங்கு என்றாலே நம் வீடுகளில் ஏன் பயம்?

தோட்ட மக்களுக்குப் பங்கு புதிதல்ல. 1950களின் இறுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தன. தோட்டம் கைமாறும்போது வேலையும் வீடும் சேர்ந்தே போயின. அதைத் தடுக்க துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கச் சொல்லித் தோட்டம் தோட்டமாகப் போனார். அந்தப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் இதே கெடாவில் உள்ள புக்கிட் சீடிம்.

கூட்டுறவுப் பங்குக்கு ஒரு குணம் உண்டு. சங்கம் லாபம் காட்டினால் லாப ஈவு வரும், போனஸ் பங்கும் வரலாம். ஆனால் அதைச் சந்தையில் விற்க முடியாது. தோட்டத்தின் நிலமதிப்பு பல மடங்கு ஏறினாலும் உங்கள் பங்குக்கு அதன் முகமதிப்பில்தான் கணக்கு. இதைத் தெரிந்துதான் பலர் வாங்கினார்கள், தெரியாமலும் வாங்கினார்கள்.

1984-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தது. ஏறக்குறைய 66,000 இந்தியர்கள் சேர்ந்து சுமார் 10 கோடியே 60 லட்சம் ரிங்கிட் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்ட குடும்பங்களும் உண்டு. கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. விலை என்ன என்று பார்க்க இடமில்லை, வேண்டாம் என்றால் விற்க வழியில்லை. கடைசியில் 2010-இல் ஒரு தனியார் நிறுவனம் முன்வந்து பங்குக்கு 80 சென் கொடுத்து வாங்கியது. ஒரு ரிங்கிட் போட்டு 26 வருஷம் காத்திருந்தவருக்கு 80 சென்.

"பங்கா, வேணாம்பா" என்று பெரியவர்கள் சொல்வதன் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அது இன்றைய ஊழியர் பங்குக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் கையில் இருப்பது பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் பங்கு. சந்தை திறந்திருக்கும் எந்த நாளிலும் விற்கலாம். இங்கே ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

உள்நாட்டுப் பங்கு: கட்டணத்தை எப்படிக் கணக்குப் போடுவது?

புர்சா மலேசியாவில் பட்டியலிட்ட பங்கு என்றால் அது சிடிஎஸ் என்ற மத்திய வைப்புக் கணக்கில் மின்னணு முறையில் இருக்கும். அந்தக் கணக்கை ஒரு தரகு நிறுவனம் வழியாகத் திறக்கிறீர்கள். ஒருவர் வெவ்வேறு தரகர்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட சிடிஎஸ் கணக்கு வைத்திருக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பங்கை மாற்றவும் செய்யலாம். ஆக, கம்பெனி திறந்து கொடுத்த கணக்கிலேயே காலம் முழுக்கக் கிடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பலருக்கு இது தெரிவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓய்வு பெற்றவர் ஒருவர் 3,000 ரிங்கிட் மதிப்புள்ள பங்கை விற்கிறார். பழைய பாணித் தரகர் ஒருவர் குறைந்தபட்சத் தரகாக 28 ரிங்கிட் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி ஆப் வழியாக வியாபாரம் செய்யும் இன்னொருவர் 8 ரிங்கிட் கேட்கிறார். இதற்கு மேல் இரண்டு செலவுகள் எல்லோருக்கும் பொது. முத்திரை வரி ஆயிரத்துக்கு ஒரு ரிங்கிட், அதாவது 3 ரிங்கிட். தீர்வுக் கட்டணம் 0.03 விழுக்காடு, அதாவது 90 சென். முதலாமவரிடம் மொத்தம் 31 ரிங்கிட் 90 சென், இரண்டாமவரிடம் 11 ரிங்கிட் 90 சென். வித்தியாசம் 20 ரிங்கிட்.

வருஷத்துக்கு இரண்டு தடவை விற்றால் 40 ரிங்கிட் மிச்சம். சரி, நல்லதுதான். ஆனால் ஓய்வு பெற்றவர் தினமும் வாங்கி விற்கும் ஆள் அல்ல. அவர் பங்கை வைத்திருந்து லாப ஈவு வாங்குகிறவர். அவருக்குத் தரகுக் கட்டணத்தைவிட, பங்கைச் சும்மா வைத்திருப்பதற்கு என்ன பிடிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

சில தளங்கள் லாப ஈவு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கையாளும் கட்டணம் எடுக்கும். தடவைக்கு 5 ரிங்கிட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கம்பெனிப் பங்கு, வருஷத்துக்கு இரண்டு லாப ஈவு என்றால் 40 ரிங்கிட். அங்கே மிச்சம் பிடித்தது இங்கே போய்விட்டது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது தரகுக் கட்டணம் மட்டும்தான். மற்றதெல்லாம் கட்டண அட்டவணையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

பங்கு யார் பெயரில் இருக்கிறது?

கணக்குத் திறக்கும்போது ஒரு கேள்வி வரும். சில ஆப்களில் வராது, அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். நேரடி சிடிஎஸ் கணக்கா, நாமினி கணக்கா என்பதுதான் அந்தக் கேள்வி.

நேரடிக் கணக்கு என்றால் பங்கு உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டை எண்ணில் பதிவாகியிருக்கும். லாப ஈவு கம்பெனியிடமிருந்து நேராக உங்கள் பேங்க் கணக்குக்கு வரும். ஆண்டுப் பொதுக் கூட்டத்துக்கு அழைப்பு உங்களுக்கே வரும். புர்சா எனிவேர் என்ற ஆப்பில் உங்கள் கணக்கில் என்ன இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். நடுவில் தரகர் கடையை மூடினாலும் பங்கு எங்கும் போகாது, இன்னொரு தரகரிடம் மாற்றிக்கொள்ளலாம்.

நாமினி கணக்கில் பதிவேட்டில் இருப்பது தரகரின் நாமினி நிறுவனத்தின் பெயர். உண்மையான உரிமையாளர் நீங்கள்தான், சட்டமும் அதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் லாப ஈவு, உரிமைப் பங்கு, கம்பெனி அனுப்பும் அறிவிப்பு எல்லாமே அவர்கள் கை வழியாகத்தான் வரும். கட்டணம் குறைவாக இருக்கும் தளங்களில் நாமினி முறையை அடிக்கடி பார்க்கலாம். இளைஞர்கள் வாங்கி விற்க இது வசதி. பத்து இருபது வருஷம் வைத்திருக்கப் போகிறவருக்கு, அதுவும் தனக்குப் பிறகு மனைவியோ கணவரோ தேடி எடுக்க வேண்டிய நிலை வரலாம் என்பவருக்கு, நேரடிக் கணக்கே மேல் என்பது என் கருத்து. அதற்காக விற்கும்போது கூடுதலாகப் பத்து ரிங்கிட் போனாலும் பரவாயில்லை.

சொந்தப் பெயரில் இருப்பதன் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. சைம் டார்பி நிறுவனம் 2007-இல் கத்ரி, கோல்டன் ஹோப் ஆகியவற்றோடு இணைந்தது. 2017 நவம்பரில் மூன்றாகப் பிரிந்தது. அப்போது சைம் டார்பியின் ஒவ்வொரு பங்குக்கும் தோட்ட நிறுவனப் பங்கு ஒன்றும் சொத்துடைமை நிறுவனப் பங்கு ஒன்றும் கிடைத்தன. பிறகு 2024-இல் அந்தத் தோட்ட நிறுவனத்தின் பெயரும் எஸ்டி கத்ரி என்று மாறியது. ஒரு காலத்தில் வாங்கிய ஒரே பங்கு இன்று மூன்று பெயரில் நிற்கிறது. சிடிஎஸ் கணக்கு வைத்திருந்தவருக்கு இதெல்லாம் தானாகவே வந்து சேர்ந்தது. கணக்கு எண்ணையே மறந்துவிட்டவருக்கு?

அமெரிக்கப் பங்கு: அலுவலக மின்னஞ்சல் போனால் என்ன ஆகும்?

கூலிம், பினாங்கு தொழிற்சாலைகளில் அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்தவர்களுக்குக் கதை வேறு. அவர்களுடைய பங்கு புர்சாவில் இல்லை. கம்பெனி ஒப்பந்தம் செய்த அமெரிக்கத் தரகரின் தளத்தில் இருக்கிறது. வேலையில் இருக்கும்வரை எல்லாம் தானாக நடக்கும். ஓய்வு பெற்ற மறுநாள் அலுவலக மின்னஞ்சல் மூடப்படும். அந்த மின்னஞ்சலையும் அலுவலகக் கைப்பேசி எண்ணையும் கொடுத்துத்தான் கணக்கைத் திறந்திருந்தால், உள்ளே நுழைவதற்கான ரகசியக் குறியீடு யாருக்குமே வராது. ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னாலேயே சொந்த மின்னஞ்சலையும் சொந்த எண்ணையும் பதிவு செய்துவிடுங்கள். செலவே இல்லாத வேலை இது. இதைச் செய்யாமல் விட்டால் வரும் அலைச்சலுக்கு அளவில்லை.

அடுத்தது டபிள்யூ-8 பென் என்ற படிவம். நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று அந்த நாட்டு வரித்துறைக்குச் சொல்லும் தாள் அது. கையெழுத்திட்ட ஆண்டைத் தொடர்ந்து மூன்றாவது ஆண்டின் கடைசி நாள்வரை செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால், பங்கை விற்கும் பணத்தில் 24 விழுக்காட்டைத் தரகர் பிடித்து வைக்க நேரலாம். லாப ஈவிலோ எப்படியும் 30 விழுக்காடு பிடித்தம் உண்டு. அதைக் குறைக்கும் வரி ஒப்பந்தம் அமெரிக்காவுக்கும் மலேசியாவுக்கும் இடையே இல்லை.

வருஷக்கணக்கில் கணக்கைத் தொடாமல் விட்டாலும் சிக்கல். பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் எந்தத் தொடர்பும் இல்லையென்றால் அமெரிக்கத் தரகர்கள் அந்தச் சொத்தை அங்குள்ள மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். திரும்பக் கேட்டு வாங்கலாம்தான். ஆனால் பீடோங்கில் உட்கார்ந்துகொண்டு டெலவர் மாநில அரசுக்குக் கடிதம் எழுதுவது லேசான காரியமா?

விற்கும்போது எங்கே பணம் கசிகிறது? தரகுக் கட்டணத்தில் அல்ல, டாலர் ரிங்கிட்டாக மாறும் இடத்தில். 40,000 ரிங்கிட்டுக்குச் சமமான டாலரை மாற்றுகிறீர்கள். சந்தை விலையைவிட ஒரு விழுக்காடு குறைத்துக் கொடுத்தால் 400 ரிங்கிட் போச்சு. எந்த ரசீதிலும் அது கட்டணம் என்று எழுதியிருக்காது. அதோடு பணத்தை அனுப்பும் கட்டணமும் இருக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துத் தடவை அனுப்புவதைவிட, திட்டமிட்டு ஒன்றிரண்டு தடவையில் அனுப்புவது மலிவு. அனுப்பும் அன்று தரகர் தரும் விலையையும், டாலராகவே பேங்குக்குக் கொண்டுவந்து மாற்றினால் பேங்க் தரும் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

60,000 டாலர் என்ற கோடு

இதுதான் நம்மவர்கள் அதிகம் கேள்விப்படாத விஷயம். அமெரிக்கக் குடிமகனாக இல்லாத, அங்கே வசிக்காத ஒருவர் இறக்கும்போது, அவரிடம் உள்ள அமெரிக்கச் சொத்தின் மதிப்பு 60,000 டாலரைத் தாண்டினால் அந்த நாட்டு மரணச் சொத்து வரிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அமெரிக்கக் கம்பெனியின் பங்கு அமெரிக்கச் சொத்து. வரி விகிதம் படிப்படியாக ஏறி 40 விழுக்காடு வரை போகும்.

கூலிமில் வசிக்கும் ஒருவர் 1,00,000 டாலர் மதிப்புள்ள அமெரிக்கப் பங்கை விட்டுவிட்டு இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். வேறு கழிவு எதுவும் இல்லையென்றால் வரி சுமார் 10,800 டாலர். அது கட்டப்பட்டு, அமெரிக்க வரித்துறையின் சான்று வரும்வரை தரகர் கணக்கை முடக்கி வைக்கலாம். இருபது வருஷம் தேடித் தேடி மிச்சம் பிடித்த தரகுக் கட்டணமெல்லாம் இதன் பக்கத்தில் தூசு.

"அப்போ மலேசியத் தரகர் ஆப்புக்கு மாத்திடலாமே" என்று தோன்றும். மாற்றினாலும் பயனில்லை. கணக்கு கோலாலம்பூரில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் அமெரிக்கக் கம்பெனியின் பங்கு அமெரிக்கச் சொத்துதான். மலேசியாவில் வாரிசு வரி இல்லை என்பதும் இங்கே உதவாது. கோட்டுக்குக் கீழே வர ஒரே நடைமுறை வழி, கொஞ்சம் விற்பது. ஐரோப்பியக் கம்பெனிப் பங்கு வைத்திருப்பவர்களுக்கு அந்தந்த நாட்டு விதி பொருந்தும். கூலிமில் பெரிய ஆலை நடத்தும் இன்ஃபினியோன் ஜெர்மன் நிறுவனம், அதன் பங்குக்கு இந்த 60,000 டாலர் கோடு கிடையாது.

வைத்திருக்கத்தான் வேண்டுமா?

எந்தத் தளம் மலிவு என்று தேடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. "நான் வேலை செஞ்ச கம்பெனி, எனக்குத் தெரியாததா?" என்று பலரும் சொல்வார்கள். விசுவாசம் நல்ல குணம். ஆனால் இன்டெல்லில் நடந்ததைப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, சுமார் 15,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாகவும் லாப ஈவை நிறுத்துவதாகவும் அந்த நிறுவனம் அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் பங்கு விலை கால்வாசிக்கு மேல் சரிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் டவ் ஜோன்ஸ் குறியீட்டிலிருந்தும் வெளியேறியது. பிறகு 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசே சுமார் 10 விழுக்காடு பங்கை எடுத்துக்கொள்ள, விலை மீண்டும் ஏறத் தொடங்கியது. இதில் எதையும் கூலிமில் வேலை செய்தவர் முன்கூட்டியே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

லாப ஈவை நம்பி மாதச் செலவைத் திட்டமிட்ட ஓய்வூதியருக்கு அந்த ஒரு அறிவிப்பே போதும். வயது முப்பதில் இருப்பவர் பொறுத்திருந்து மீளலாம். அறுபதில் இருப்பவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு பொறுத்திருக்காது.

இன்னொரு பக்கம் இபிஎஃப் இருக்கிறது. 2024-க்கு அது அறிவித்த லாப ஈவு 6.30 விழுக்காடு. 55 வயதானதும் எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. எடுக்காமல் விட்ட தொகைக்கு 100 வயதுவரை லாப ஈவு உண்டு. சுயமாக ஆண்டுக்கு 1,00,000 ரிங்கிட் வரை கூடுதலாகச் செலுத்தவும் வழி இருக்கிறது. தரகு இல்லை, முத்திரை வரி இல்லை, பாஸ்வேர்ட் மறந்தால் கிளை அலுவலகத்துக்குப் போய்க் கேட்கலாம். குறைந்த செலவில் சேமிப்பை வைக்கும் தளம் எது என்று கேட்டால், தோட்டப்புறக் குடும்பம் ஒன்றுக்கு நேர்மையான பதில் பல வேளைகளில் இதுவாகத்தான் இருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்றுவிடுங்கள் என்று சொல்லவில்லை. பங்கின் விலை ஏறவும் செய்யும். தனிநபர் ஒருவர் பட்டியலிட்ட பங்கை விற்றுக் காணும் லாபத்துக்கு மலேசியாவில் வரி இல்லை. 2025 முதல் வந்த 2 விழுக்காடு லாப ஈவு வரியும், ஆண்டுக்கு 1,00,000 ரிங்கிட்டைத் தாண்டும் பகுதிக்கு மட்டும்தான். நம்மில் பெரும்பாலோரை அது தொடாது. ஒரே கம்பெனிப் பங்கில் எவ்வளவு வைத்தால் அது பாதியாகச் சரிந்தாலும் உங்கள் வீட்டு உலை கொதிக்கும்? அந்த அளவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒன்றிரண்டு ஆண்டுகளில் பிரித்து விற்கலாம்.

வேலையில் இன்னும் இருப்பவர்களுக்கு ஒரு சொல். கைக்கு வராத பங்கும், பயன்படுத்தாத பங்கு உரிமையும் ஓய்வு நாளுக்குப் பிறகு என்ன ஆகும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில திட்டங்களில் அன்றோடு காலாவதி. மனிதவளப் பிரிவிடம் வாய்ச்சொல்லாகக் கேட்காமல் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

"கட்டணமே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் வந்தால்?

ஓய்வு பெற்றவர் கையில் பணம் இருப்பது எப்படித்தான் இவர்களுக்குத் தெரியுமோ. "ஜீரோ கட்டணம், தினசரி லாபம், உங்க பங்கை எங்க தளத்துக்கு மாத்துங்க" என்று செய்தி வரும். குழுவில் இருக்கும் மற்றவர்கள் லாபம் பார்த்ததாகப் படம் போடுவார்கள். அந்த மற்றவர்களும் மோசடிக்காரர்கள்தான்.

எந்தத் தளமானாலும் செக்யூரிட்டிஸ் கமிஷனின் உரிமப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதே கமிஷன் ஓர் எச்சரிக்கைப் பட்டியலும் வெளியிடுகிறது, அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பணம் போடச் சொல்லும் பேங்க் கணக்கு தனியாள் பெயரில் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அனுப்பிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 என்ற எண்ணில் தேசிய மோசடித் தடுப்பு மையத்தைக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடிக்க முடிந்தால்தான் உண்டு.

எனக்குப் பிறகு யார் எடுப்பார்கள்?

இபிஎஃப் கணக்கில் பெயர் நியமனம் செய்யலாம். முஸ்லிம் அல்லாதவர் என்றால், நியமிக்கப்பட்டவரிடமே பணம் நேராகப் போய்ச் சேரும். சிடிஎஸ் கணக்கில் அப்படி நியமனம் இல்லை. நாமினி கணக்கு என்ற பெயரைப் பார்த்து, "அதான் நாமினி போட்டாச்சே" என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நாமினி தரகர் நிறுவனம், உங்கள் மனைவி அல்ல.

உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் 1958-ஆம் ஆண்டு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி பங்கு பிரியும். பெற்றோர், துணைவர், பிள்ளைகள் எல்லோரும் இருந்தால் பெற்றோருக்குக் கால், துணைவருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. நிலம், வீடு எதுவும் இல்லாமல் அசையும் சொத்து மட்டும் 6,00,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால் அமானா ராயாவிடம் மனு செய்யலாம். அதற்கு மேல் என்றால் உயர் நீதிமன்றம். நிலமும் சேர்ந்திருந்தால் நில அலுவலகத்தின் வழி உண்டு. எழுதி வைத்த உயில் ஒன்று இருந்தால் இந்த அலைச்சல் பெரிதும் குறையும். பங்கு எங்கே, எந்தத் தரகரிடம், எந்தக் கணக்கு எண்ணில் என்று ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டியதில்லை.

அப்பா வைத்துவிட்டுப் போன பழைய காகிதப் பங்குச் சான்றிதழ் அலமாரியில் கிடைத்தால்? டெலிகோம் 1990-இலும் தெனாகா 1992-இலும் பட்டியலிடப்பட்ட காலத்தில் சான்றிதழ் காகிதமாகத்தான் இருந்தது. பிறகு அவற்றை மின்னணுக் கணக்கில் ஒப்படைக்க வேண்டும் என்று விதி வந்தது. 1998 இறுதிக்குள் ஒப்படைக்காத பங்குகள் நிதியமைச்சர் பெயருக்கு மாற்றப்பட்டன. காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள எண்ணை வைத்துக் கம்பெனியின் பங்குப் பதிவாளரிடம் முதலில் கேளுங்கள். ஓராண்டுக்கு மேல் வாங்கப்படாமல் கிடந்த லாப ஈவு, தலைமைக் கணக்காளர் துறையின் கீழுள்ள உரிமை கோரப்படாத பணப் பதிவாளரிடம் போயிருக்கும். இகூமிஸ் என்ற அரசு இணையத்தளத்தில் அப்பாவின் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடலாம். இறந்தவர் பெயரில் பணம் இருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசு ஆவணமும் கேட்பார்கள். தேடிப் பார்க்கக் கட்டணம் இல்லை. நாங்கள் எடுத்துத் தருகிறோம், இத்தனை விழுக்காடு கொடுங்கள் என்று வரும் இடைத்தரகர் தேவையில்லை.